அப்பாவின் புருவ முடிச்சு

ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் ‘டச்சப் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளிக்கு அவளைவிட எட்டு வயது கூட. அவருக்கும் அவள் அக்காதான். நாற்பத்தாறு வயது. இருபத்துமூன்று வருடமாக அதே ஜன்னலோர மேஜை. கம்ப்யூட்டர் மட்டும் ஐந்தாவது. வேலை, முகம் திருத்துவது.

குடும்பப் படத்தில் பதினோரு பேர் லட்சணமாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், பன்னிரண்டாவது ஆள் சரியாக அந்த நொடியில் கண்ணை மூடியிருப்பார். அவருக்குக் கண்ணைத் திறந்துவிட வேண்டும். மணப்பெண் களைத்துப்போய் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாள். அவளைப் பூரிக்க வைக்க வேண்டும். செத்துப்போன மாமனார் எல்லாப் படத்திலும் கடுவன் பூனை மாதிரி இருக்கிறார், கொஞ்சம் சிரிக்க வையுங்கள் என்று மருமகள் வந்து நிற்பாள். எல்லாவற்றையும் அவள் செய்து கொடுப்பாள். சும்மா சொல்லக் கூடாது, வீட்டு ஆட்களே கண்டுபிடிக்க முடியாதபடி செய்வாள்.

புது சாஃப்ட்வேர் வந்தபோது முதலாளி துள்ளிக் குதித்தார். அதில் ‘சிரிப்பு’ என்று ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு புள்ளி. புள்ளியை வலப்பக்கம் இழுத்தால் எந்த உம்மணாமூஞ்சியும் பல்லைக் காட்டும். அவள் இரண்டு படம் செய்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டாள்.

“இது சிரிப்பு இல்ல சார், ஸ்டிக்கர். இப்படியே போனா ஊர் பூரா ஒரே வாயா இருக்கும்.”

அவளுடைய முறை வேறு. முதலில் கீழ் இமையைக் கொஞ்சம் தூக்குவாள். பிறகு கன்னம். பிறகு புருவம். வாய்க்குக் கடைசியில்தான் வருவாள், அதற்குள் பாதி வேலையை வாயே செய்திருக்கும். வேறு யாருடைய உதட்டையும் வெட்டி ஒட்ட மாட்டாள். அந்தந்த முகத்தில் ஏற்கெனவே எங்கே மடிப்பு விழுந்திருக்கிறது என்று பார்த்து, அந்தத் தடத்திலேயே நகர்த்துவாள். ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்தில் அவள் பக்கம் போய்ப் பேச்சுக் கொடுக்க ஸ்டுடியோவில் யாருக்கும் தைரியம் கிடையாது.

வீடு பக்கத்துத் தெருவில், மூன்றாவது மாடி. அவளும் அம்மாவும் மட்டும். கல்யாணம் ஒன்று நடந்து நாலு வருடத்தில் முடிந்தும் போயிருந்தது. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. தங்கை வேறு ஊரில் குடும்பமாக இருந்தாள். அப்பா இறந்து ஒன்பது வருடம். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டும் என்று கையெழுத்துப் போடுகிற வேலை. வீட்டிலும் அவர் அப்படித்தான் இருந்தார். அவர் அடித்ததில்லை, கத்தியதில்லை. பார்ப்பார், அவ்வளவுதான். இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு முடிச்சு விழும், உதடு கோடாகிவிடும். பிள்ளைகள் இரண்டும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

ஹாலில் மாட்டியிருந்த அவருடைய படம் கடைசி அடையாள அட்டைக்கு எடுத்தது. அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கிச் சட்டம் போட்டவள் அவள்தான். ஒரு திருத்தமும் செய்யவில்லை. முடிச்சு முடிச்சாகவே இருந்தது.

எழுபத்துநாலு வயதில் அம்மாவுக்கு மறதி தொடங்கியது. முதலில் சாவி, பிறகு கிழமை, பிறகு குழாயை மூட மறப்பது. பகலில் எதிர் ஃபிளாட்டில் இருந்த ரிட்டயர்டு டீச்சர் பார்த்துக்கொண்டார். மதியம் ஒரு மணிக்கு இவள் ஓடி வந்து சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவாள். எல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒருநாள் மதியம் வந்து பார்த்தால் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய் சமையலறை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏம்மா இங்க உக்காந்திருக்க?”

“மெல்லப் பேசு,” என்றாள் அம்மா. “பாக்குறாரு.”

“யாரு?”

அம்மா முகவாயை மட்டும் ஹால் பக்கம் அசைத்தாள்.

நாளாக ஆக அது முற்றியது. ஹாலைக் கடக்கும்போது அம்மா தலையைக் குனிந்துகொண்டு சுவரை ஒட்டியே நடந்தாள். டிவி போட்டால் ஓடி வந்து அணைத்தாள். சிரிக்கிற சத்தம் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் அவளுக்கு முகத்தில் ஈயாடாது. டாக்டரிடம் சொன்னபோது, “படத்தை எடுத்துடுங்க, அவ்வளவுதான்,” என்றார்.

எடுத்தாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. படம் இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது. அம்மா காலையிலிருந்து சாயங்காலம் வரை அதன் முன்னால் நின்று, “வெளிய போயிருக்காரு. எப்ப வேணாலும் வந்துடுவாரு,” என்று வாசல் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் யார் ஏறினாலும் உடம்பு தூக்கிப் போட்டது. மூன்றாம் நாள் படத்தைத் திரும்ப மாட்ட வேண்டியதாகிவிட்டது. சுவரில் இருக்கும்வரை ஆள் எங்கே இருக்கிறார் என்றாவது தெரிகிறதே.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் செய்து கொடுக்கிறோம், சொந்த அப்பாவுக்குச் செய்ய எத்தனை நேரம்?

ஒரேயடியாக மாற்றினால் அம்மா மிரண்டுவிடுவாள் என்று தெரியும். அதனால் முதல் வாரம் முடிச்சை மட்டும் தொட்டாள். அவிழ்க்கவில்லை, ஒரு சுற்றுத் தளர்த்தினாள். பிரிண்ட் எடுத்து, அம்மா குளிக்கிற நேரத்தில் அதே சட்டத்துக்குள் செருகினாள். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, நின்று, ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“இன்னைக்குப் பரவாயில்ல,” என்றாள்.

இரண்டாம் வாரம் கீழ் இமை. மூன்றாம் வாரம் கன்னம். தட்டு சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்தது. நான்காம் வாரம் உதட்டோரம் ஒரு முடியளவு மேலே போனது, அம்மா படத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தலைவாரிக்கொண்டாள். டீச்சர்கூட, “என்ன மருந்து மாத்தினாங்களா? ஆளே தெளிஞ்சுட்டாங்களே,” என்று கேட்டார். இவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

வீடியோ காலில் தங்கைதான் முதலில் கேட்டாள்.

“அக்கா, பின்னாடி இருக்கறது யாரு?”

“அப்பாதான்டி. வேற யாரா இருக்கும்?”

“அப்பாவா?” தங்கை திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள். “எனக்கு என்னமோ யாரோ நம்ம வீட்டு ஹால்ல நிக்கிற மாதிரி இருக்கு.”

அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். அந்த வாரம் கண்ணோரச் சுருக்கங்களை விரித்து, உதட்டைக் கொஞ்சம் திறந்தாள். அந்த முகத்தில் ஏற்கெனவே அதற்கான தடம் இருந்தது. கன்னத்தில் இடப்பக்கம் ஆழமில்லாத ஒரு மடிப்பு, எப்போதோ பழகி விட்டுப்போன மடிப்பு. அதிலேயே போனாள். திரையில் அப்பா சிரித்தார். இடது கண் கொஞ்சம் சிறுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்த சிரிப்பு. வாழ்நாளில் ஒருமுறைகூட அவள் அதைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அதை மாட்டிவிட்டு டீ போடப் போனாள். ஹாலில் அம்மாவின் குரல் கேட்டது. பத்து வயது குறைந்த குரல்.

“அடடே! வாங்க தம்பி. எப்ப வந்தீங்க? உக்காருங்க. அண்ணன் டிப்போவுக்குப் போயிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள சாப்பிட்டுடுங்க.”

பாலை இறக்கி வைக்க மறந்து அவள் அப்படியே நின்றாள். பொங்கி அடுப்பு அணைந்தது.

அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. தனி ஆள், ஒரே பிள்ளை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஹாலுக்கு வந்து, மெதுவாகக் கேட்டாள்.

“யாரும்மா இவரு?”

“உன் சித்தப்பாடி. உன்னைத் தூக்கி வச்சுக்கிட்டே திரியுமே, ஞாபகமில்ல?” என்றாள் அம்மா. சொந்த மகளின் பெயர் ஆறு மாதமாக அவளுக்கு வாயில் வந்ததில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அம்மா படத்தோடு பேசினாள். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது இவள் சமையலறையில் நின்று கேட்டாள். துண்டு துண்டாகக் கேட்டதை ஒட்டிப் பார்த்தபோது கதை தெளிவாகவே இருந்தது. டிப்போவுக்குப் பின்னால் இருந்த பழைய வீட்டில், இவளுக்கு இரண்டு வயதாகும்போது, அப்பாவின் தம்பி ஒரு வருடம் அவர்களோடு இருந்திருக்கிறார். ரேடியோ ரிப்பேர் செய்பவர். எதையாவது சொல்லி அம்மாவைச் சிரிக்க வைப்பார். அம்மா சிரிப்பது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் தம்பியின் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மழை. தம்பி தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அப்பா கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“நான் திறந்திருக்கணும் தம்பி,” என்று அம்மா படத்திடம் சொன்னாள். “அவரு ஒண்ணுமே சொல்லல. பாத்தாரு. அவ்வளவுதான். எனக்குக் காலு வரல.”

தட்டுவது நின்ற பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாற்பத்துநாலு வருடம்.

இவளுக்கு அந்த ஹாலில் தனியாக நிற்கப் பயமாகிவிட்டது. தன் கையால், வாரத்துக்கு ஒரு முடியளவாக, ஒரு மனுஷரை வீட்டுக்குள் அழைத்து வந்திருக்கிறாள். துடைப்பம் எடுத்தால் அவருக்கு முதுகைக் காட்டாமல் பெருக்கினாள். ஆனாலும் அம்மா நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். அது போதும் என்று இருந்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து டீச்சர் படியில் நிறுத்திச் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதம்மா. நீ வர்ற வரைக்கும் உங்கம்மா வாய் ஓயாம பேசறாங்க. உன் செருப்புச் சத்தம் கேட்டா கப்சிப். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடறாங்க. நீ ஏதாச்சும் அதட்டினியா?”

“நானா? நான் எதுக்கு டீச்சர் அதட்டறேன்?”

ஆனால் அவளும் கவனித்திருந்தாள். சோறு ஊட்டும்போது அம்மா இவள் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒருநாள், “உப்பு கூடிடுச்சுங்களா?” என்று கேட்டாள். பெற்ற மகளிடம் யார் ‘ங்க’ போட்டுப் பேசுவார்கள்? மறதி, என்று தள்ளிவிட்டாள்.

அந்த வாரம் முதலாளி புதுக் கேமரா வாங்கினார். சோதனைக்கு அங்குமிங்கும் நாலு படம் எடுத்து அவள் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் போனார். வாசல், பூந்தொட்டி, எதிர்க்கடைப் பலகை. நான்காவது படத்தைத் திறந்ததும் அவள் கை மௌஸிலிருந்து விலகியது.

ஜன்னலோர மேஜையில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நொடி அப்படித்தான் தெரிந்தது. பிறகு தன் நீலச் சட்டையும் காதிலிருந்த தோடும் தெரிந்தன. வேலையில் ஆழ்ந்திருக்கும்போது பக்கவாட்டிலிருந்து முதலாளி எடுத்த படம் அது. கூப்பிட்ட சத்தத்துக்கு நிமிர்ந்து, நேராகத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். இரண்டு புருவத்துக்கும் நடுவே முடிச்சு. உதடு ஒரு கோடு.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் தொழில் விடவில்லை. திருத்தாத பழைய அப்பா படத்தைத் திறந்து, தன் படத்தின் மேல் ஒரு லேயராக வைத்து, அளவைச் சரிசெய்து, பாதி தெரிகிற மாதிரி மங்கலாக்கினாள். மூக்கு பொருந்தவில்லை, தாடை பொருந்தவில்லை. முடிச்சு மட்டும் கோட்டின் மேல் கோடாகப் போய் உட்கார்ந்தது.

வாரக்கணக்கில் உற்றுப் பார்த்துச் சுவரிலிருந்து எதை அவிழ்த்தாளோ அது எங்கேயும் போகவில்லை. ஆள் சுவரில் இல்லை என்றால் அம்மா வேறு எங்கே தேடுவாள்? மதியம் ஒரு மணிக்குச் செருப்புச் சத்தத்தோடு படியேறி வருகிறவரைத்தான்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” என்றார் முதலாளி.

“ஒண்ணுமில்ல சார். படம் நல்லா வந்திருக்கு,” என்று சொல்லி மூடிவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் போகும் முன் இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு நிமிஷம் நிற்க ஆரம்பித்தாள். கீழ் இமை, கன்னம், புருவம். அடுத்தவர் முகத்தில் சுலபமாக வந்தது சொந்த முகத்தில் வர மறுத்தது. ஏறி முடிப்பதற்குள் தசை பழைய இடத்துக்கே போய்விடும். அம்மா கையைக் கட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். இரண்டு கல்யாண ஆல்பம் பாக்கி இருந்ததால் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். சார்ஜர் போடுகிற பிளக் அங்கே இருந்ததால் சாத்திய வாசல் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி இருக்கும், மழை பிடித்துக்கொண்டது. படிக்கட்டுக் கம்பி ஜன்னலில் சாரல் அடித்தது. எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்துக்கொண்டது. தட், தட், தட்.

நிமிர்ந்தபோது அம்மா எதிரே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு துவாலை.

“என்னங்க,” என்றாள் அம்மா. “கோவிச்சுக்காதீங்க. கதவைத் திறக்கட்டுங்களா? தம்பி நனையுது.”

‘அம்மா, நான் உன் பொண்ணு’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. அம்மாவுக்கு அது பதிலாகாது. அவள் கேட்டது மகளை அல்ல.

லேப்டாப்பை மூடினாள். அம்மாவையே பார்த்தபடி, அவசரப்படாமல், கீழ் இமையைத் தளர்த்தினாள். கன்னம். புருவம். அங்கே ஏதோ வலித்தது, பழைய சுளுக்கு விடுகிற மாதிரி. வாயைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

“திற,” என்றாள்.

“நெசமாவா?”

“நான்தான சொல்றேன். திற.”

அம்மா தாழ்ப்பாளை இரண்டு கையாலும் நீக்கினாள். கதவு திறந்ததும் ஈரக்காற்று முகத்தில் அடித்தது. வெளியே யாரும் இல்லை. காலியான நடை, நனைந்த சிமெண்டுத் தரை, எதிரே டீச்சர் வீட்டுச் சாத்திய கதவு. அம்மா ஒதுங்கி நின்று துவாலையை நீட்டினாள்.

“வாங்க தம்பி. முதல்ல தலையைத் துவட்டுங்க. இவ்வளவு நேரமா நின்னீங்க!”

துவாலை அம்மாவின் கையை விட்டுக் கீழே விழுந்தது. அதை அவள் குனிந்து எடுக்கவில்லை, கொடுத்தாயிற்று என்கிற மாதிரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அம்மாவின் கண்கள் வாசற்படியிலிருந்து மெல்ல உள்ளே நகர்ந்தன. ஆள் நடக்கிற வேகத்தில் நகர்ந்தன. அந்தப் பார்வை நாற்காலியருகே வந்தபோது மகள் தன்னையறியாமல் நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டிருந்தாள்.

அம்மா கதவைச் சாத்தினாள். வந்து இவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்தில் தூங்கிப்போனாள்.

அதற்கப்புறம் அம்மா யாருக்கும் பயப்படவில்லை. படத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இவளை மகள் என்று சொன்னதில்லைதான். ஆனால் ‘ங்க’ போய்விட்டது. “ஏய், இந்தா, இங்க வா,” என்று அதிகாரமாகக் கூப்பிட்டாள். பதினான்கு மாதம் அப்படி இருந்துவிட்டு, ஒரு மத்தியானத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்களில் அப்பாவோடு டிப்போவில் இருந்த மெக்கானிக் ஒருவரும் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். காது மந்தம், நினைவு கூர்மை. கூட்டம் கலைந்த பிறகு அவரை ஹாலில் உட்கார வைத்து இரண்டு பெண்களும் கேட்டார்கள். தம்பி இருந்தது உண்மைதான் என்றார். அந்த மழைக்கு மறுநாள் காலை அவன் டிப்போவுக்கு வந்து, ஈரத்தோடு மதியம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம். பிறகு ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டான்.

“அந்த பஸ்ஸுக்கு டைம் போட்டுக் கையெழுத்து வச்சவரு உங்கப்பாதான். நிமிர்ந்து பாக்கல. எங்க போனான்னு அப்புறம் யாருக்கும் தெரியாது.”

தங்கை சுவரைக் காட்டினாள். “அங்கிள், இது சித்தப்பா மாதிரியா இருக்கு?”

பெரியவர் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“இது உங்கப்பாதானே? ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. டிப்போவுல உங்கப்பா இப்படித்தான் இருப்பாரு. கேன்டீனே அதிரும்.”

“எங்கப்பாவா?”

“ஆமா. கை கழுவற இடத்துல ஒரு கண்ணாடி இருந்துச்சு. வீட்டுக்குக் கிளம்பறப்போ தினமும் அதுக்கு முன்னாடி நிப்பாரு. தலை சீவ இல்ல. முகத்தை இறுக்கிக்குவாரு, பெல்ட்டு மாதிரி. நாங்கல்லாம் கேலி பண்ணுவோம். வீடுன்னா ஒரு பயம் வேணும்பாரு.” பெரியவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். “தம்பி போனப்புறம் அந்தக் கண்ணாடிக்கு முன்னாடி அவரு நின்னு நான் பாக்கல. அதுக்கு வேலை இல்லாமப் போச்சு. காலையில வரும்போதே அப்படித்தான் வருவாரு.”

தங்கை அழ ஆரம்பித்தாள். டச்சப் அக்கா அழவில்லை. பெரியவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். கேட்கும்போது அவர் அவளுடைய இரண்டு புருவத்துக்கும் நடுவிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேண்டாம்மா, போதும், என்று சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.